பாதி நிரம்பிய நீல மூடிக் குழாய்: ஆறு வயதுச் சிறுவனின் ரத்தம் உறைய மறுத்த ஓர் இரவு

அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். பலத்த காயத்தோடு வந்த ஒரு சிறுவனை அன்றிரவு நாங்கள் எப்படிப் பார்த்தோம், எந்த இடத்தில் 55 நிமிடத்தைத் தவறவிட்டோம் என்பதை எழுதி வைக்கிறேன். பெற்றோரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதை யார் மேலும் பழி போட எழுதவில்லை. முக்கியமான தவறான முடிவை எடுத்தவன் நான்தான்.

பின்னணி

பையனுக்கு 6 வயது, எடை 19 கிலோ. அப்பாவின் பைக்கில் முன்னால், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறான். மாலை 5.10 மணி வாக்கில் ஒரு சரக்கு வேன் பக்கவாட்டில் இடித்து, பையன் தூக்கி எறியப்பட்டான். அப்பாவுக்குக் கை எலும்பு முறிவு மட்டும். 108 வந்து, பக்கத்தில் இருந்த சிறிய மருத்துவமனையில் 5.45-க்குச் சேர்த்தார்கள்.

அங்கே கையில் ட்ரிப் போட்டு, கிலோவுக்கு 20 மி.லி. என்ற கணக்கில் சலைன் இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள், மொத்தம் 760 மி.லி. வலது தொடையில் எலும்பு முறிவு என்று கட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4, தட்டணுக்கள் 2.4 லட்சம், ரத்த அழுத்தம் 98/60. மேல்சிகிச்சைக்கு எழுதிய சீட்டில் 'நிலை சீராக உள்ளது' என்று இருந்தது.

அந்த எண்களை மட்டும் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த வயதில் உடலில் இருக்கும் ரத்தம் கிலோவுக்கு சுமார் 75 மி.லி., 19 கிலோ பையனுக்கு மொத்தமே 1,400 மி.லி. சொச்சம். அதில் பாதிக்கும் மேலான அளவுக்கு உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. உறைவதற்கு வேண்டிய புரதங்கள் எதுவும் அந்தத் தண்ணீரில் இல்லை, மீதி இருந்ததும் நீர்த்துப் போகிறது. சலைன் தொங்கவிடாமல் அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றால், அந்த நேரத்தில் அங்கே ரத்தமே இல்லை என்பதுதான் பதில்.

எங்களிடம் வந்தபோது, மாலை 7.20

நாடித்துடிப்பு 162, ரத்த அழுத்தம் 94/58. விரல் நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 5 விநாடி ஆனது. கை கால் சில்லென்று இருந்தன, உடல் வெப்பம் 34.4 டிகிரி. கூப்பிட்டால் முனகினான், நினைவு நிலையைக் காட்டும் கிளாஸ்கோ அளவு 15-க்கு 10. வயிற்றில் ஃபாஸ்ட் ஸ்கேன் (அவசர அல்ட்ராசவுண்ட்) வைத்ததும் கல்லீரலைச் சுற்றி ரத்தம் தெரிந்தது.

குழந்தைகளின் ரத்த அழுத்தத்தை நம்பி உட்காரக் கூடாது என்று பயிற்சி மருத்துவர்களிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பெரியவர்களைப் போல் மெதுவாக இறங்கிக்கொண்டே வராது. ரத்தக்குழாய்களை இறுக்கி, நாடியைக் கூட்டி, ரத்தத்தில் கால்பங்குக்கு மேல் போகும்வரைகூட அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள், அப்புறம் திடீரென்று சரிவார்கள்.

ரத்த வாயுப் பரிசோதனை 7.35-க்கே கைக்கு வந்தது: பிஎச் 7.19, காரக் குறைபாடு (ரத்தத்தில் அமிலம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற அளவு) 11, லாக்டேட் 5.8, அயனி கால்சியம் 0.94. ஹீமோகுளோபின் இப்போது 7.1.

7.30-க்கு எடுத்த மாதிரியில், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பிடி, ஐஎன்ஆர், ஏபிடிடி, உறைந்த கட்டி கரைவதைக் காட்டும் டி-டைமர், தட்டணு எண்ணிக்கை எல்லாம் கேட்டோம். ரத்தக் கட்டியை நூல்போலப் பிணைக்கும் புரதமான ஃபைப்ரினோஜனைக் கேட்கவில்லை. இரவில் எங்கள் லேபில் அதைத் தனியாகச் சொன்னால்தான் செய்வார்கள், சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்த முடிவுகள்

7.45-க்கு ஓ நெகட்டிவ் சிவப்பணு, கிலோவுக்கு 10 மி.லி. வீதம் 190 மி.லி. தொடங்கினோம். சலைனை நிறுத்தினோம். வெப்பக் காற்றுப் போர்வை போட்டோம்.

7.50-க்கு, ரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் ட்ரனெக்ஸாமிக் அமிலம், கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 285 மி.கி., பத்து நிமிடத்தில். அப்புறம் மணிக்குக் கிலோவுக்கு 2 மி.கி. என்று எட்டு மணி நேரம். இதில் அவசரப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2010-ல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களில் பாதிப் பேருக்கு இந்த மருந்தையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசியையும் கொடுத்துப் பார்த்தார்கள். காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு குறைகிறது, அதைத் தாண்டிக் கொடுத்தால் கெடுதல் வரலாம் என்று அதன் தரவுகளை அடுத்த ஆண்டு அலசியபோது தெரிந்தது. குழந்தைகளுக்கு அந்த அளவுக்குப் பெரிய சான்று இல்லை, ஆனாலும் அதே கால எல்லையைத்தான் வைத்துக்கொள்கிறோம். இந்தப் பையனுக்கு எல்லை 8.10. அதற்கு இருபது நிமிடம் முன்னால் மருந்து உள்ளே போனது.

8.05-க்கு சிடி. கல்லீரலில் ஆழமான கிழிசல், வலது தொடை எலும்பு முறிவு, மூளையின் முன்பகுதியில் சிறிய ரத்தக் கன்றல். வயிற்றை உடனே திறக்க வேண்டியதில்லை, கவனித்துப் பார்க்கலாம் என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னார். குழந்தைகளின் கல்லீரல் காயங்களில் பெரும்பாலானவை கத்தி படாமலே ஆறிவிடும், அதனால் அந்த முடிவில் தவறில்லை.

8.25: நான் தவறிய இடம்

லேபிலிருந்து போன் வந்தது. ஐஎன்ஆர் 3.4, ஏபிடிடி எண்ண முடியாத அளவுக்கு நீண்டிருக்கிறது. கூடவே டெக்னீஷியன், "சார், குழாய் பாதிதான் நிரம்பியிருக்கு. இந்த ரிசல்ட்டை நம்பாதீங்க, வேற சாம்பிள் அனுப்புங்க" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசல் முன்கூட்டியே அளந்து ஊற்றப்பட்டிருக்கும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். கோடு வரை ரத்தம் வர வேண்டும். எங்களிடம் இருந்தது 2.7 மி.லி. ரத்தம் பிடிக்கும் பெரியவர்களுக்கான குழாய். சுருங்கிப்போன நரம்பிலிருந்து 1.5 மி.லி. கூட வரவில்லை. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும், மிஞ்சிய சிட்ரேட், உறைவைத் தொடங்க லேபில் சேர்க்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உறைவு நேரம் பொய்யாக நீளும். குழந்தைகளிடம் ரத்தம் எடுக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது.

அதே நேரத்தில் சிஸ்டர் ஒருவர் வந்து, "சார், ட்ரிப் போட்ட இடத்துல கசிவு நிக்கவே மாட்டேங்குது, மூணு தடவை கட்டு மாத்திட்டேன்" என்றார். பாம்புக்கடிக்குச் செய்வதுபோல் 20 நிமிட உறைவுப் பரிசோதனை வைத்துப் பார்க்கலாமா என்றும் அவர்தான் கேட்டார். நல்ல யோசனை என்று வெறும் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை விட்டு அசைக்காமல் வைத்தோம். 8.50-க்குச் சாய்த்துப் பார்த்தால் உறைந்திருந்தது.

அதைப் பார்த்து நான் சமாதானமடைந்தேன். ஐஎன்ஆர் பொய், ரத்தம் உறைகிறது, மறுபரிசோதனை வரட்டும், உறைவுப் புரதங்கள் உள்ள பிளாஸ்மாவை அப்புறம் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

அப்போது என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். தேவையில்லாமல் பிளாஸ்மா கொடுத்தால் நுரையீரல் பாதிப்பு வரலாம், ஒவ்வாமை வரலாம், ரத்த வங்கியில் இருப்பும் குறைவு. தவறான எண்ணை வைத்துச் சிகிச்சை செய்யக் கூடாது என்ற பாடம் வேறு மண்டையில் ஊறியிருக்கிறது. இவை எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் எண்ணை ஒதுக்கியபோது, அந்த எண் சொன்ன திசையையும் சேர்த்து ஒதுக்கிவிட்டேன். காரக் குறைபாடு 11, உடல் சில்லிட்டிருக்கிறது, 760 மி.லி. சலைன் போயிருக்கிறது, மூளையிலும் கல்லீரலிலும் அடி, கேனுலா (ட்ரிப் ஊசிக் குழாய்) ஓரத்தில் கசிவு. இவை போதும். ஐஎன்ஆர் என்ற ஒன்று இந்த உலகத்திலேயே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பையனின் ரத்தம் உறையவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

20 நிமிடப் பரிசோதனை ஏன் ஏமாற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் எல்லா மருத்துவமனையிலும் இது கைப்பழக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிவிரியன் விஷம் ஃபைப்ரினோஜனை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடும், அதனால் ரத்தம் தண்ணீராகவே நிற்கும், அதைக் கண்டுபிடிக்க இது அருமையான சோதனை. விபத்துக் காயத்தில் ஃபைப்ரினோஜன் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும், முழுதாகத் தீராது. அந்த அளவு இருந்தால் கண்ணாடிக் குழாயில் கட்டி பிடித்துவிடும். கிழிந்த கல்லீரலை அடைக்கும் பலம்தான் அந்தக் கட்டிக்கு இருக்காது.

9.00 முதல் 11.40 வரை

9 மணிக்கு நாடி 176, ரத்த அழுத்தம் 68/40. வயிறு உப்பியது. கிளாஸ்கோ அளவு 8 ஆனது, மூச்சுக்குழாயில் குழாய் போட்டோம். வகை பொருத்திய இரண்டாவது சிவப்பணுப் பையைக் கையால் அழுத்தி ஏற்றினோம்.

9.15-க்கு மறுபரிசோதனை. இந்த முறை சிறிய குழாயில் கோடு வரை நிரப்பி, ஃபைப்ரினோஜனும் கேட்டிருந்தோம். ஐஎன்ஆர் 1.9, ஏபிடிடி 58 விநாடி, ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 88 மி.கி. சாதாரணமாக 200-லிருந்து 400 வரை இருக்க வேண்டும். ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு 150-க்குக் கீழே போனாலே ஈடுகட்ட வேண்டும் என்பது வழக்கம். தட்டணுக்கள் 1.3 லட்சம், அதாவது இன்னமும் கவலைப்படும்படி இல்லை. டி-டைமர் கருவி காட்டக்கூடிய உச்சத்தைத் தாண்டியிருந்தது.

9.20-க்கு பிளாஸ்மா கேட்டோம். குளிரில் உறைய வைத்திருந்த பிளாஸ்மாவை 37 டிகிரி நீரில் உருக்க அரை மணி நேரம் ஆகும், கைக்கு வந்தபோது 9.55. கிலோவுக்கு 15 மி.லி. வீதம் 285 மி.லி. போனது. ஃபைப்ரினோஜன் செறிவாக இருக்கும் கிரையோ 5 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் 4 பை, 10.20-க்கு வந்தது.

கால்சியம் குளுக்கோனேட்டும் கொடுத்தோம், அதையும் தாமதமாகத்தான் கொடுத்தோம். நீல மூடிக் குழாயில் உறைவைத் தடுக்கும் அதே சிட்ரேட்தான் ரத்தப் பையிலும் இருக்கிறது. ஒவ்வொரு பையும் குழந்தையின் கால்சியத்தைக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். வந்தபோதே 0.94 என்று தெரிந்தும் இரண்டு பை ஏற்றிய பிறகுதான் நினைவு வந்தது.

10.40-க்கு அறுவை அரங்கம். நிபுணர் கல்லீரலைச் சுற்றித் துணிப் பட்டைகளை வைத்து அழுத்திக் கட்டி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, 35 நிமிடத்தில் வெளியே வந்தார். நீளமான அறுவை செய்யும் நேரம் அது இல்லை. 11.40-க்கு ஐஎன்ஆர் 1.4, ஃபைப்ரினோஜன் 168, வெப்பம் 35.9.

அந்த எண்களை இப்போது எப்படிப் படிக்கிறேன்

2003-ல் லண்டனில் கரீம் ப்ரோஹியும் அவருடைய குழுவினரும் ஆயிரத்துச் சொச்சம் விபத்து நோயாளிகளைப் பார்த்து, நான்கில் ஒருவருக்கு மருத்துவமனைக்குள் நுழையும்போதே ரத்தம் சரியாக உறைவதில்லை என்று காட்டினார்கள். சலைன் ஊற்றியதால் நீர்த்துப் போவது ஒரு பக்கம், அதிர்ச்சி நிலையே உறைதலைக் கெடுக்கிறது என்பது இன்னொரு பக்கம். ரத்தம் போதாமல் தவிக்கும் ரத்தக்குழாயின் உள்சுவர் புரதம் சி-யைத் தூண்டிவிடுகிறது, அது உறைதலுக்கு உதவும் காரணிகளை வெட்டுகிறது, உறைந்ததைக் கரைக்கும் வேலையும் வேகம் எடுக்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்கள மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2012-ல் வந்த ஆய்விலும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். குழந்தைகளுக்கு இது வராது என்று நினைக்க இடமே இல்லை.

எண்களில் முதலில் விழுவது பெரும்பாலும் ஃபைப்ரினோஜன். தட்டணு எண்ணிக்கை நன்றாக இருக்கும், அது எத்தனை அணு என்று எண்ணுகிறது, அவை வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதில்லை. ஹீமோகுளோபின் ஒரு செறிவு அளவு, முழு ரத்தமாக வெளியேறும்போது முதல் மணி நேரத்தில் பெரிதாக அசையாது. முதல் மருத்துவமனையில் கையில் இருந்தவை இந்த இரண்டும்தான்.

இன்னொன்று, நான் தாமதமாக உணர்ந்தது. லேப் கருவி மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் பரிசோதிக்கும். பையனின் உடலோ 34.4. அந்தக் குளிரில் உறைதல் எவ்வளவு மந்தமாக நடக்கிறது என்பது ரிப்போர்ட்டில் வராது. அதனால் 1.9 என்பதே நிலைமையைக் குறைத்துக் காட்டிய எண்தான்.

குழந்தைகளுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: காரக் குறைபாடு, ஐஎன்ஆரின் இரண்டரை மடங்கு, 15-லிருந்து கிளாஸ்கோ அளவைக் கழித்தது, மூன்றையும் கூட்ட வேண்டும். 16-க்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து கூடுகிறது என்று பார்க்கிறார்கள். இந்தப் பையனுக்கு 11, 4.75, 5, மொத்தம் 20.75. பொய்யான 3.4-ஐப் போட்டால் 24.5. ஐஎன்ஆர் மிகச் சாதாரணமாக, 1 என்றே இருந்திருந்தாலும் 18.5 வந்திருக்கும். இந்தக் கணக்கை 8.25-க்கு ஒரு துண்டுத் தாளில் போட்டிருந்தால் நான் காத்திருந்திருக்க மாட்டேன். இதை நினைக்காமல் இன்றும் ஒரு நீல மூடிக் குழாயைத் தொட முடியவில்லை.

அப்புறம் நடந்தது

சுமார் 40 மணி நேரம் கழித்துப் பட்டைகளை எடுத்தார்கள், ரத்தப்போக்கு இல்லை. முதல் 24 மணி நேரத்தில் ஏறிய ரத்தப் பொருட்கள் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 59 மி.லி. (40-ஐத் தாண்டினாலே குழந்தைகளில் அதைப் பெரும் ரத்தமேற்றம் என்கிறோம்.) ஐந்தாம் நாள் மூச்சுக் கருவியிலிருந்து விடுபட்டான்.

ஆறாம் நாள் இடது தொடை வீங்கியது. அடிபட்டது வலது கால். இடது இடுப்புச் சிரையில்தான் பெரிய ட்ரிப் குழாய் வைத்திருந்தோம். டாப்ளர் ஸ்கேனில் அந்தச் சிரையில் ரத்தக் கட்டி தெரிந்தது. முதல் நாள் உறையாத அதே ரத்தம் ஆறாம் நாள் தேவையில்லாத இடத்தில் உறைந்துவிட்டது. அன்று ஃபைப்ரினோஜன் 460. காயத்துக்குப் பிறகு கல்லீரல் அதை அளவுக்கு மேல் உற்பத்தி செய்யும், கட்டியைக் கரைக்கும் வேலையோ பல குழந்தைகளில், அதுவும் தலைக்காயம் பட்டவர்களில், அடங்கிப்போய்விடும். டி-டைமர் முதல் நாளிலிருந்தே கூடுதலாக இருந்ததால் கட்டியைக் கண்டுபிடிக்க அது கொஞ்சமும் உதவவில்லை. வீக்கத்தை முதலில் கவனித்தவர் பையனின் அம்மா. "இந்தக் கால் நேத்து இப்படி இல்ல சார்" என்றார்.

மூளை சிடி-யைத் திரும்ப எடுத்து, கன்றல் பெரிதாகவில்லை என்று நரம்பியல் அறுவை நிபுணர் சொன்ன பிறகு, எட்டாம் நாள், ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசி தொடங்கினோம். இரண்டு நாள் தயங்கியது சரியா என்று எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓடுகிறது, நான் சரி என்றே நினைக்கிறேன். தொடை எலும்பை அதற்கு முன்பே சரிசெய்திருந்தார்கள். 24-ஆம் நாள் வீட்டுக்குப் போனான். ஊசி மூன்று மாதம்.

என்ன மாற்றினோம், என்ன மாறவில்லை

பிளாஸ்மாவை 8.25-க்கே கேட்டிருந்தால் 9 மணிக்கு உள்ளே போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டி வந்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 9 மணிச் சரிவை அவன் வெறும் சிவப்பணுவோடு சந்தித்திருக்க மாட்டான்.

இப்போது எங்கள் பிரிவில் 1.8 மி.லி. ரத்தம் போதுமான சிறிய நீல மூடிக் குழாய்தான் வைத்திருக்கிறோம். ட்ரிப் ஓடும் கையிலிருந்து மாதிரி எடுப்பதில்லை, முதல் மாதிரியிலேயே ஃபைப்ரினோஜன் கேட்கிறோம், சீட்டில் அச்சடித்தே வைத்துவிட்டோம். பலத்த காயத்தோடு வரும் குழந்தைக்குக் காரக் குறைபாடு 6-க்கு மேல் இருந்து, கேனுலா ஓரத்தில் கசிவும் இருந்தால், லேப் முடிவுக்குக் காத்திருக்காமல் முதல் சிவப்பணுப் பையோடு பிளாஸ்மாவையும் உருக்கச் சொல்கிறோம். இந்த 6 என்பது நாங்களாக வைத்துக்கொண்ட எல்லை, வேறு இடத்தில் வேறாக இருக்கலாம். இரண்டாவது பைக்கு முன்னால் கால்சியம். விபத்துக் காயத்துக்கு 20 நிமிடப் பரிசோதனை வைப்பதில்லை, சிஸ்டர்களிடம் அதன் காரணத்தையும் விளக்கியிருக்கிறோம். கசிகிறது என்று சிஸ்டர் சொன்னால் அதை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், ஒரு லேப் முடிவுக்கு இருக்கும் அதே இடம் அதற்கும் உண்டு. இடுப்புச் சிரைக் குழாய் எத்தனையாவது நாள் என்று தினமும் காலையில் கேட்டு, தேவை முடிந்த அன்றே எடுக்கிறோம்.

முழு ரத்தமும் எப்படி உறைகிறது என்று சில நிமிடங்களில் வரைபடமாகக் காட்டும் கருவி எங்களிடம் இல்லை, கேட்டு எழுதியிருக்கிறோம். உருக்கிய பிளாஸ்மாவைக் குளிர்ப்பெட்டியில் தயாராக வைத்திருக்க ரத்த வங்கியிடம் பேசினோம், வீணாகும் என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கிறது. முதலில் பார்த்த சிறிய மருத்துவமனையோடு போனில் பேசி, இப்படிப்பட்ட குழந்தைக்கு ஒரு முறை சலைன் போதும், ட்ரனெக்ஸாமிக் அமிலத்தை அங்கேயே தொடங்கிவிடலாம், போர்த்தி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறோம். அவர்கள் இரண்டு பேரை எங்கள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தம் இன்னும் இல்லை.

நான்காவது மாதம் பையன் வந்தான். இடது கால் மாலையில் கொஞ்சம் வீங்குகிறது. ஓடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான், முன்பைவிடச் சட்டென்று கோபம் வருகிறது என்று அம்மா சொன்னார், அதற்கு மனநல ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறோம். அன்றைக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. சிறிய குழாய், கோடு வரை நிரம்பியது. பஞ்சை எடுத்துவிட்டு ஊசி போட்ட இடத்தை அவனே உற்றுப் பார்த்தான், நானும் பார்த்தேன். காய்ந்திருந்தது.